ஏ.ஏ. கூட்டத்துக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடுமா?

கேள்வி: எனக்கு 43 வயது. திண்டுக்கல் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பதினெட்டு ஆண்டுகளாகக் குடிப்பழக்கம். சென்ற மாதம் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றேன். குடிக்காமல் 26 நாள் ஆகிறது. குடியை நிறுத்த விரும்புவோர் ஒன்றுகூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டங்களுக்குப் போகச் சொல்லி அனுப்பினார்கள். போனால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று கூச்சமாக இருக்கிறது. மாத்திரை சாப்பிடும்போது கூட்டமும் தேவையா? அதை எங்கே போய்த் தேடுவது?

பதில்: இந்த 26 நாளும் எளிதாகப் போயிருக்காது. அதற்காக முதலில் உங்களைப் பாராட்டுகிறேன்.

ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தை எடுத்துக்கொள்வோம். பதினெட்டு ஆண்டு குடித்தது ஊருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நிறுத்த முயல்கிறீர்கள் என்பது மட்டும்தான் புதிதாகத் தெரியவரும். அதுவும் கூட்டத்தின் வழியாகத் தெரிய வாய்ப்பு குறைவு. ஏ.ஏ. என்ற 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' பெயரிலேயே அடையாளம் சொல்லாமை இருக்கிறது. முதல் பெயரைச் சொன்னால் போதும். யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே பேசக் கூடாது என்பது அங்கே எல்லோரும் காக்கும் மரபு. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால், பஸ் ஏறி மதுரையில் நடக்கும் கூட்டத்துக்குப் போய்விட்டு வாருங்கள். பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.

பட்டமேற்படிப்பு படித்த காலத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பள்ளி வகுப்பறை ஒன்றில், சிறுபிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வந்தவருக்குக் கை நடுக்கம். டீ டம்ளர் வாய்க்குப் போகாமல் சட்டையில் சிந்தியது. பக்கத்தில் இருந்தவர் எதுவும் பேசாமல் டம்ளரை வாங்கி, பாதி டீயைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். பாதி டம்ளர் என்றால் நடுங்கும் கையிலும் சிந்தாது. அவரும் ஒரு காலத்தில் அப்படி நடுங்கியவர். ஐந்து ஆண்டு மருத்துவம் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

இந்த இயக்கம் பிறந்ததே அப்படித்தான். 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், தொழில் பேச வந்த இடத்தில் காரியம் கைகூடாமல் போன பில் வில்சனுக்கு மறுபடி குடிக்கும் ஆசை மூண்டது. தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால்தான் தப்பிக்க முடியும் என்று தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர். அந்த மருத்துவருக்கும் அதே நோய்தான்.

அங்கே நடப்பது இவ்வளவுதான்: ஒருவர் பின் ஒருவராகத் தம் அனுபவத்தைச் சொல்வார்கள். நீங்கள் பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. 'இன்று கேட்க மட்டும் வந்தேன்' என்றால் விட்டுவிடுவார்கள். கட்டணம் கிடையாது. உண்டியல் போல ஒன்று சுற்றி வரும், விருப்பம் இருந்தால் போடலாம். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றுதான் உறுப்பினராவதற்குத் தகுதி. இறைவன் என்ற சொல் காதில் விழும். ஆனால் எந்த மதத்தையும் சேர்ந்த இயக்கம் அல்ல. சர்ச் வளாகத்தில் கூட்டம் நடந்தால், இடம் அங்கே கிடைத்திருக்கிறது என்றுதான் பொருள்.

மாத்திரையா, கூட்டமா என்று கேட்காதீர்கள், இரண்டும் வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளை அலசியது. ஏ.ஏ. வழியில் முறையாகச் சேர்த்துவிடப்பட்டவர்களில் ஓராண்டு கழித்துக் குடிக்காமல் இருந்தவர்கள் 100-க்கு 42 பேர். மற்ற உளவியல் சிகிச்சைகளில் 35 பேர். வித்தியாசம் கணிசமானது. ஆனால் அந்த 42-க்கு வெளியே இருப்பவர்களையும் நான் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் மருந்தை விடாதீர்கள் என்கிறேன். கூட்டத்தில் யாராவது 'மாத்திரை எதற்கு, மனவுறுதி போதும்' என்றால், அது அவர் சொந்தக் கருத்து; இயக்கத்தின் நிலை அது அல்ல. குடித்தால் உடம்பு ஏற்காமல் கடுமையாக எதிர்க்கச் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரை எடுப்பவராக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: அதை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட ஒரு வாய் மதுவும் உயிருக்கு ஆபத்தாகலாம்.

மருந்து செய்ய முடியாத ஒரு வேலையும் உண்டு. பட்டறை ஷட்டரை இறக்கிய பின் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை என்ன செய்வீர்கள்? என் நோயாளிகள் மறுபடி வழுக்குவது பெரும்பாலும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான். கூட்டங்கள் பல ஊர்களில் மாலையில் நடப்பது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று.

தேடுவது கடினம் அல்ல. சிகிச்சை பெற்ற இடத்தின் ஆலோசகரிடமே கேளுங்கள். பழைய உறுப்பினர் ஒருவரோடு கோத்துவிடுவார். முதல் நாள் தனியாகப் போவதைவிட அது மேல். ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாக விவரம் இருக்கிறது. போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. செல்போன் வழியாகவும் கூட்டங்கள் நடக்கின்றன, ஆனால் முதல் சில மாதங்கள் நேரில் போவதையே விரும்புவேன். ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்று ஒதுங்கிவிடாதீர்கள். குழுவுக்குக் குழு சுபாவம் மாறும். மூன்று இடமாவது பார்த்துவிட்டு முடிவெடுங்கள். குடும்பத்தினருக்கென்று 'அல்-அனான்' கூட்டங்கள் தனியே உண்டு. வீட்டில் உள்ளவர்களும் பதினெட்டு ஆண்டு பட்டிருக்கிறார்கள்; அவர்களையும் போகச் சொல்லுங்கள்.

ஒருவேளை இடையில் குடித்துவிட்டால், மறுநாளே கூட்டத்துக்குப் போங்கள். யாரும் விரட்டமாட்டார்கள். ஆனால் பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டிருந்தால் வீட்டில் இருந்தபடி திடீரென நிறுத்தாதீர்கள். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அடுத்து மனக்குழப்பமும் வரலாம். அப்போது முதலில் போக வேண்டியது மருத்துவமனைக்கு.