கூத்து வகுப்பை ஃபோனுக்குக் கொண்டுபோக, கமரா வாங்கவா?

கேள்வி: திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் கூத்தும் அரங்கக் கலையும் படிப்பிக்கிறேன். பாடங்களை டிஜிட்டலாக்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். மூத்தவர்களுக்கு இதில் விருப்பமில்லை. மாணவர்களிடம் ஃபோன் மட்டும்தான். கிடைத்த சிறு தொகையில் நல்ல கமரா வாங்கவா?

பதில்: கமரா இப்போதைக்கு வேண்டாம், மைக் வாங்குங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் பார்க்கலாம். தாளம் கேட்காவிட்டால் கூத்து எங்கே?

மூத்தவர்களின் முணுமுணுப்பிலும் நியாயம் இருக்கிறது. சூம் என்ற காணொளி அழைப்புச் செயலி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. மத்தளத்தையும் சல்லரி என்ற கைத்தாளத்தையும் இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். அமைப்புகளில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒன்று உண்டு; அதைப் போட்டால் மத்தளம் திரும்பி வரும். ஆனாலும் இரண்டு ஊரில் இருப்பவர்கள் நேரலையில் சேர்ந்து தாளம் போட முயல வேண்டாம். 30 மில்லி செக்கன் தாமதித்தாலே தாளம் இழுபடத் தொடங்கும். காணொளி அழைப்பில் தாமதம் அதைவிட அதிகம். தாளத்தைப் பதிந்து கொடுங்கள், மாணவர் அதற்கு ஆடிப் பதிந்து அனுப்பட்டும்.

அப்புறம் டேட்டா. ஃபோனில் முழு எச்டியில் எடுத்த ஒரு நிமிடக் காணொளி 100 எம்பியைக்கூடத் தாண்டலாம். அதே 100 எம்பிக்குள் 64 கேபிபிஎஸ் தரத்தில் எடுத்த ஒலிப்பதிவு மூன்றரை மணி நேரம் அடங்கும். மூதூரில் ரீலோட் போட்டுப் படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய வித்தியாசம். ஆகவே பாட்டும் விளக்கமும் ஒலியாக, ஆட்டம் மட்டும் குறுங்காணொளியாக. மூடில் என்ற இணைய வகுப்பறைச் செயலியில் அவற்றை வளாக வைஃபையில் இறக்கி, வீட்டில் இணையம் இல்லாமலே பார்க்கலாம்.

மூத்தவர்களுக்கு மென்பொருள் பயிற்சி வைக்காதீர்கள். நானும் வைத்துப் பார்த்தேன்; வடையும் தேத்தண்ணியும்தான் முடிந்தன. மாணவரின் பதிவை ஒரு மூத்தவர் முன் ஓடவிட்டு, "எங்கே பிழைக்கிறது ஐயா?" என்று கேளுங்கள். வாய் தானாகத் திறக்கும். அதை ஒரு மாணவி பதிந்து, காணொளிக்குக் கீழே சேர்க்கட்டும். பொத்தானை அமுக்குவது மாணவி, தீர்ப்புச் சொல்வது அவர். பொறுப்பை இப்படிப் பிரித்துக்கொடுப்பதுதான் உங்கள் வேலை. முதல் அரையாண்டில் ஒரு பாடம் போதும்.

வெளியில் இருந்து அண்ணாவியாரை, அதாவது கூத்து ஆசானை, அழைத்தால், பதியுமுன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வகுப்புக்கு மட்டுமா, யூடியூப்புக்குமா என்பதும் அதில் இருக்கட்டும். நிகழ்த்துநர் உரிமையை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் காக்கிறது.

துறை அலுமாரியில் பழைய கசெட்டுகள் கிடந்தால் அவற்றுக்கு அவசரம் அதிகம். கடற்காற்று ஈரத்தில் பூஞ்சணம் பிடித்ததை மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள். இயந்திரத்துக்கும் ஒட்டி, அடுத்த கசெட்டையும் கெடுக்கும்.