நடக்காமல் போனவற்றுக்கான நன்றி

மதிப்பிற்குரிய ஐயா,

என் தாயார் பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவரை முழுக்க முழுக்கப் பார்த்துக்கொள்வது என் அக்காதான். நான் வேறு ஊரில் வேலை பார்க்கிறேன். பணம் அனுப்புகிறேன், விடுமுறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். உறவினர்கள் எல்லோரும் கூடும் ஒரு நாளில் அக்காவை அழைத்துப் பாராட்டிப் பேசி, ஒரு பரிசும் கொடுக்கலாம் என்று எண்ணினேன். அவர் மறுத்துவிட்டார். “அன்றைக்கு அம்மாவை யார் பார்த்துக்கொள்வது?” என்று மட்டும் கேட்டார். அவருக்கு எங்கள் நன்றியை எப்படித்தான் தெரிவிப்பது?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் அக்கா கேட்ட கேள்வியை நீங்கள் மறுப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கோ, இந்த ஆறு ஆண்டுகளில் அவர் உங்களிடம் வைத்த ஒரே வேண்டுகோளாக அது படுகிறது.

நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களின் உழைப்பு வெளியே தெரியாமல் போவதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அந்த உழைப்பின் பலன் பெரும்பாலும் எதுவும் நடக்காமல் இருப்பதுதான். படுத்தே கிடப்பவரின் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே அகப்படும் தோலுக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டால் அங்கே புண் வைத்துவிடும் என்பதால், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்; இரவென்றாலும் இந்த வேலைக்கு ஓய்வில்லை. ஒவ்வொரு முறையும் வால் எலும்பையும் இடுப்பையும் குதிகாலையும் பார்க்க வேண்டும். சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது சிவப்பு ஒரு கணம் மறைந்தால் கவலையில்லை. மறையாவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். தோல் கறுப்பாக இருந்தால் சிவப்பு எளிதில் தெரியாது, சூட்டையும் தடிப்பையும் தொட்டுத்தான் அறிய வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும். உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரலில் நோய்த்தொற்று வரக்கூடும் என்பதால், நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாய் இறங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் உடனே படுக்கவைத்துவிடவும் முடியாது.

விடுமுறைக்குப் போகும்போது நீங்கள் காண்பது புண்ணில்லாத முதுகையும் புரையேறாத ஒரு சாப்பாட்டு வேளையையும்தான். “அம்மா நன்றாகத்தான் இருக்கிறார்” என்று சொல்லிவிட்டுத் திரும்புவீர்கள். அந்த “நன்றாக” என்ற ஒரு சொல்லுக்குள் உங்கள் அக்காவின் எத்தனை இரவுகள் இருக்கின்றன என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, பாராட்ட விரும்பினால் குறிப்பாகப் பாராட்டுங்கள். “நீ தெய்வம் அக்கா” என்று சொல்லாதீர்கள். தெய்வத்துக்குச் சலிப்பு வரக்கூடாது, கோபம் வரக்கூடாது, இடுப்பு வலிக்கக்கூடாது. அந்தப் புகழைக் கேட்ட பிறகு அவர் யாரிடம் போய் “என்னால் முடியவில்லை” என்று சொல்வார்? அதற்குப் பதிலாக, அம்மாவின் முதுகைப் பார்த்துவிட்டு, “ஆறு வருஷத்தில் ஒரு புண்கூட வரவில்லையே, எப்படி அக்கா பார்த்துக்கொண்டாய்?” என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேளுங்கள். என் தந்தையின் கடைசி ஆண்டுகளில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவரைப் பற்றியே விசாரித்தார்கள், ஒரே ஒரு முதியவள் மட்டும் என் தாயிடம், “நீ தூங்கினாயா?” என்று கேட்டார். அதன் பிறகு பல நாட்கள் என் தாய் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இது மனத்தாங்கல் சம்பந்தப்பட்ட செய்தி மட்டுமல்ல. 1999-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஓர் ஆய்வு, வயது முதிர்ந்த தம்பதியரை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. துணையைக் கவனித்துக்கொள்வதில் தமக்குச் சிரமம் இருப்பதாகச் சொன்னவர்கள் இறக்கும் வாய்ப்பு, அத்தகைய பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அதே பணியைச் செய்தும் சிரமத்தை உணராதவர்களிடம் அந்த உயர்வு காணப்படவில்லை. சுமையைப் பகிர்ந்துகொள்ள ஒருவர் இருப்பதற்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

நீங்கள் அனுப்பும் பணம் தேவையானதுதான். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அக்காவுக்கு இப்போது அகப்படாமல் இருப்பது நேரம். “ஏதாவது வேண்டுமென்றால் சொல்” என்பவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, ஏனென்றால் கேட்பதும் ஒரு வேலையாகிவிடுகிறது. இன்ன தேதியிலிருந்து இத்தனை நாள் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ஊரில் இல்லாத நாட்களுக்குப் பயிற்சி பெற்ற ஒருவரை வாரத்தில் சில மணி நேரம் அமர்த்த முடியுமா என்று பாருங்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அக்காவிடமே இருக்கட்டும்.

நீங்கள் போனதும் முதல் இரண்டு நாள் அவருக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். விரிப்பை எங்கே மடிக்கிறார், எந்தத் தோளில் கை கொடுத்துப் புரட்டுகிறார், எந்த மருந்தைப் பொடித்துக் கொடுக்கிறார், எதைப் பொடிக்கக்கூடாது என்பதெல்லாம் ஆறு ஆண்டுகளில் அவர் கண்டறிந்த வழிகள். அவற்றைத் திருத்த முயலாதீர்கள். உங்களைக் கண்டதும் அம்மா முகம் மலர்ந்து, நாள்தோறும் பார்க்கும் அக்காவிடம் எரிந்துவிழக்கூடும். “என்னிடம் அம்மா இப்படியெல்லாம் செய்வதில்லையே” என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாம் நாள் இரவு அக்காவை வேறு அறையில் படுக்கச் சொல்லுங்கள். இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்து நீங்கள் புரட்டிவிடுங்கள். பழக்கத்தால் அவரும் விழித்துக்கொண்டு கதவருகே வந்து நிற்பார். கோபித்துக்கொள்ளாதீர்கள், அவரே போய்ப் படுத்துக்கொள்ளும்வரை உங்கள் வேலையைச் செய்துகொண்டிருங்கள்.