வாசகர் கேள்வி, வழக்கறிஞர் பதில்: ஆபத்தானவர் கையில் துப்பாக்கி

எங்கள் மாநிலத்தில் 'ரெட் ஃபிளாக்' மசோதா என்று ஓயாமல் பேசுகிறார்கள். ஒருவர் ஆபத்தானவர் என்று தெரிந்தால் போலீஸே துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? இதற்கு எதற்குத் தனிச் சட்டம்?
– வாசகி, பிட்ஸ்பர்க்

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வருவது இயல்பு. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி, உரிமம் கொடுத்த அதிகாரியே பொதுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அதை நிறுத்தி வைக்கலாம். அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதரின் அரசியல் சட்ட உரிமை. உச்ச நீதிமன்றம் 2008இல் அப்படித்தான் தீர்ப்பளித்தது. குற்றம் எதுவும் நடக்காத நிலையில் அந்த உரிமையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமென்றால் நீதிபதியின் உத்தரவு தேவை. அதற்கு வழி செய்வதுதான் இந்தச் சட்டம். முதலில் கொண்டுவந்தது கனெக்டிகட், 1999இல். இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. உங்கள் பென்சில்வேனியாவில் 2023 மே மாதம் கீழவை நிறைவேற்றிய மசோதா மேலவையைத் தாண்டவில்லை. டெக்சஸ் 2025இல் நேர் எதிராகப் போய், இத்தகைய உத்தரவுகளுக்கே தடை போட்டுவிட்டது.

வேலை போனதிலிருந்து என் அண்ணன் குடிக்கிறார். புதிதாகத் துப்பாக்கி வாங்கியிருக்கிறார். "எல்லாரையும் முடிச்சிட்டு நானும் போறேன்" என்கிறார். நான் மனுப் போட முடியுமா?
– வாசகர், ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

முடியும். ஆனால் அவர் இப்போதே மிரட்டிக்கொண்டிருந்தால் மனுவை மறந்துவிட்டு 911ஐ அழையுங்கள். வருகிற போலீஸ் அதிகாரி நீதிபதியிடம் தொலைபேசியிலேயே 21 நாள் அவசர உத்தரவு வாங்க முடியும். தற்கொலைப் பேச்சு மட்டும் என்றால் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண் 24 மணி நேரமும் இருக்கிறது.

அவகாசம் இருந்தால் உங்கள் கவுண்டியின் (மாவட்டத்தின்) சுப்பீரியர் கோர்ட்டில் ஜிவி-100 என்ற மனுப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். கட்டணம் இல்லை. கூடப்பிறந்தவர் என்ற முறையில் உங்களுக்கு உரிமை உண்டு. உடன் வேலை செய்பவர்கள், ஆசிரியர்களுக்கும் சில நிபந்தனைகளுடன் உண்டு. நீதிபதி அன்றோ அடுத்த வேலை நாளிலோ படித்துப் பார்த்து, இடைக்கால உத்தரவு தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

பெரும்பாலான மனுக்கள் தடுமாறுவது வாக்குமூலத்தில்தான். "அண்ணன் மிகவும் கோபக்காரர், எங்களுக்குப் பயமாக இருக்கிறது" என்று எழுதினால் நீதிபதிக்கு அதில் பிடி எதுவும் இல்லை. எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன வார்த்தை, யார் கேட்டார்கள் என்று எழுதுங்கள். அவர் தமிழில் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, அருகில் ஆங்கிலத்தில் பொருள் கொடுங்கள். வாட்ஸ்அப் செய்தி என்றால் எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட். எத்தனை துப்பாக்கி, எந்த வகை, எங்கே இருக்கிறது – அலமாரியா, காரா, நண்பர் வீடா – என்பதையும் விடாதீர்கள். பட்டியலில் விட்டுப்போன துப்பாக்கி பெரும்பாலும் வீட்டிலேயே தங்கிவிடும்.

உத்தரவை அவர் கையில் நேரில் சேர்ப்பிக்க வேண்டும். நீங்கள் கொடுக்கக் கூடாது. ஷெரிஃப் அலுவலகம் இலவசமாகவே செய்யும். அதிகாரி கேட்டால் அவர் அந்த இடத்திலேயே ஒப்படைக்க வேண்டும். கேட்காவிட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீசிடமோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து, 48 மணி நேரத்துக்குள் ரசீதை நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். 21 நாளுக்குள் முழு விசாரணை. அன்றைக்கு நீங்கள் போகாவிட்டால் மனு தள்ளுபடியாக வாய்ப்பு அதிகம். "அண்ணன் இப்போது சரியாகிவிட்டார்" என்று வீட்டில் எல்லோரும் சமாதானம் சொல்லும் நாளும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். இறுதி உத்தரவு ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை.

ஒரு எச்சரிக்கை. அவர் தூங்கும்போது துப்பாக்கியை எடுத்து உங்கள் காரில் ஒளித்து வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஹெச்1பி, எஃப்1 போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியைத் தன் வசம் வைத்திருப்பதே, வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

பங்காளிச் சண்டையில் யாராவது பொய் மனுப் போட்டால்? கிரிமினல் ரெக்கார்டு ஆகிவிடுமா?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

ஆகாது. இது சிவில் உத்தரவு, மீறினால்தான் குற்றம். தெரிந்தே பொய் சொல்லி மனுப் போடுவதும் பல மாநிலங்களில் குற்றம். ஆனால் உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது: இடைக்கால உத்தரவு எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே வருகிறது. கொலராடோவில் அவருக்கு நீதிமன்றமே வழக்கறிஞரை நியமிக்கிறது. பல மாநிலங்களில் அது கிடையாது. உங்கள் நியூ ஜெர்சியில் விசாரணை 10 நாளுக்குள் நடக்கும் என்பது நல்லது, இறுதி உத்தரவுக்கு முடிவுத் தேதி கிடையாது என்பது கடுமை. நீக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக மனுப் போட வேண்டும்.

மசோதாவின் பிரதி கையில் கிடைத்தால் எதைப் படிப்பது?
– மீண்டும் பிட்ஸ்பர்க் வாசகி

யார் மனுப் போடலாம் என்ற பிரிவை முதலில் பாருங்கள். ஃபுளோரிடாவில் போலீஸ் மட்டுமே போடலாம். குடும்பம் அவர்களிடம் போய்க் கெஞ்ச வேண்டும். மெய்ன் மாநிலம் இன்னும் சுற்றுவழி வைத்திருந்தது: போலீஸ் ஆளைக் காவலில் எடுத்து, மருத்துவ மதிப்பீடு செய்து, பிறகே நீதிபதியிடம் போக வேண்டும். 2023 அக்டோபர் 25 அன்று லூயிஸ்டனில் 18 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவரின் குடும்பம் அந்த மே மாதமே போலீசிடம் சொல்லியிருந்தது. செப்டம்பரிலேயே அவரைக் காவலில் எடுக்கப் போதிய காரணம் இருந்தது என்று விசாரணைக் குழு பின்னர் சொன்னது. 2025 நவம்பரில் அங்கே வாக்காளர்கள் குடும்பத்தாரே நேரடியாக மனுப் போடும் சட்டத்துக்கு ஒப்புதல் தந்தார்கள்.

அடுத்து, சாட்சியத்தின் அளவுகோல். இறுதி உத்தரவுக்குத் 'தெளிவான, நம்பத்தகுந்த சான்று' கேட்கிறதா, 'பெரும்பாலும் உண்மையாக இருக்கலாம்' என்பதே போதுமா? முதலாவதுதான் நீதிமன்ற மேல்முறையீட்டில் நிற்கும் என்பது என் எண்ணம்.

கடைசியாக, பலர் புரட்டிவிட்டுப் போகும் பக்கம்: அவர் துப்பாக்கியைத் தராவிட்டால் என்ன ஆகும்? கலிஃபோர்னியாவில் சோதனை வாரண்ட் வாங்கி வீட்டுக்குள் போகலாம். உங்கள் மசோதாவில் அந்தப் பிரிவு இல்லையென்றால், தொகுதி உறுப்பினருக்கு எழுதும்போது முதல் வரியிலேயே அதைக் கேளுங்கள்.