தேர்தல் பிரச்சார மென்பொருளை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பது எப்படி?

முதலில் மவுஸை ஒதுக்கிவிட்டு, விசைப்பலகையால் மட்டும் ஒரு வாக்காளர் விவரத்தைப் பதிந்து பாருங்கள். பாதிக் குறைகள் அங்கேயே தெரிந்துவிடும்.

பெரிய சிக்கல் தொகுதி வரைபடத்தில்தான். ஆதரவு வீடு பச்சை, எதிர்ப்பு வீடு சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பினால், அந்த நிறங்களைப் பிரித்தறிய முடியாத தொண்டருக்கு இரண்டும் ஒன்றுதான். திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானுக்கோ அங்கே எதுவுமே இல்லை. அதே வீடுகளைத் தெருவாரியாகப் பட்டியலாகவும் கொடுங்கள். நிலையை எழுத்தில் சொல்லுங்கள். 'வாசலில் படி உண்டு' என்று குறிக்க வசதி இருந்தால், சக்கர நாற்காலியில் செல்லும் தொண்டருக்கு ஏற்ற வீடுகளைப் பிரித்துத் தரலாம்.

சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு, காணொளிக்கு வசனவரி ஆகியவற்றை இணைய அணுகல்தன்மைக்கான சர்வதேச வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.2-இன் ஏஏ நிலையே (மூன்று நிலைகளில் நடு நிலை) கேட்கிறது.

அப்புறம், பார்வையற்ற ஒருவருக்கு ஊதியம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். தானியங்கிச் சோதனை அதற்கு ஈடாகாது.