செங்கோட்டைச் சாரலில் கிட் கிடார் செய்யலாமா?

பாகங்களாக வரும் கிட் வாங்கி, பூட்டி எலக்ட்ரிக் கிடார் செய்ய சால்டரிங் தெரியணுமா, நம்ம செங்கோட்டைச் சாரலில் லாக்கர் பூச்சு காயுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சால்டரிங் சின்ன வேலைதான், கம்பிகளை உடலில் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயரை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஆம்ப் ஓயாமல் இரையும்.

தலைவலியே பிரிட்ஜ்தான். ஓட்டை போட்டே வந்தாலும் டேப் பிடித்துப் பாருங்கள்: 25.5 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) என்றால் கழுத்து முனையில் கம்பி தாங்கும் நட்டிலிருந்து 12வது ஃப்ரெட்டுக்கு (மெட்டுக்கு) 12.75, அங்கிருந்து பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலுக்கும் அதே 12.75, அப்புறம் மெல்லிய கம்பிக்கு அரை நூல், தடித்த கம்பிக்கு ஒரு நூல் கூட (ஆசாரிமார் சொல்லும் அதே நூல்தான், அங்குலத்தில் எட்டில் ஒன்று). இது பிசகினால் என்ன முறுக்கினாலும் மேல் ஃப்ரெட்டில் சுருதி சேராது.

லாக்கரா? ஆரியங்காவு கணவாய் வழியே ஈரக்காற்று வரும் ஜூன், ஜூலையில் அடித்தால் பால் படிந்த மாதிரி வெளுத்துவிடும். அதுவரை பூட்டிப் பார்த்துக் கழற்றி வையுங்கள், பங்குனி வெயிலில் அடிக்கலாம்.