வைஃபை பாஸ்வேர்டு எடுத்துத் தர 1,500 ரூபாயா?

கே: வைஃபை பாஸ்வேர்டை மாற்றினேன். போன்கள் சேர்ந்துவிட்டன, கம்ப்யூட்டர் மட்டும் சேரமாட்டேன் என்கிறது. புது வைஃபை கார்டு வாங்கணுமா? (ஆதம்பாக்கம்)

ப: வேண்டாம். அது பழைய பாஸ்வேர்டையே வைத்துக்கொண்டு முட்டுகிறது. வைஃபை பெயர்மேல் ரைட் கிளிக் செய்து 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள்.

கே: எனக்கு 68 வயது. வைஃபை பாஸ்வேர்டு மறந்துவிட்டது. கம்ப்யூட்டரில் நெட் வருகிறது, புதுப் போனில் போட வழியில்லை. வீட்டுக்கு வந்த சர்வீஸ் ஆள் 'பாஸ்வேர்டு ரெக்கவரி' என்று 1,500 ரூபாய் வாங்கிப்போனார். பில்லும் தரவில்லை. (பெரம்பூர்)

ப: அநியாயம் அம்மா. உங்கள் பேரில் ஒரு தப்பும் இல்லை. விண்டோஸ் கம்ப்யூட்டரில் இது இரண்டு நிமிட வேலை: கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர், அங்கே உங்கள் வைஃபை பெயர், பிறகு வயர்லெஸ் ப்ராபர்ட்டீஸ், செக்யூரிட்டி. 'ஷோ கேரக்டர்ஸ்' கட்டத்தில் டிக் போட்டால் கறுப்புப் புள்ளிகள் எழுத்தாக மாறிவிடும். பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பணம் அனுப்பிய மெசேஜை அழிக்காமல், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். அந்த ஆள் பார்த்துவிட்ட பாஸ்வேர்டை இன்றே மாற்றிவிடுங்கள்.

கே: நெட் மெதுவாக இருந்ததால் ரவுட்டர் பின்னாலிருந்த ஓட்டையில் ஊக்கை விட்டு அழுத்தினேன். இப்போது ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டைப் போட்டால் வைஃபை சேருகிறது, நெட் மட்டும் இல்லை. ஆள் வர 350 ரூபாய் கேட்கிறார்கள். (மேற்கு மாம்பலம்)

ப: என்னவென்று தெரியாத பட்டனை ஏன் அழுத்துகிறீர்கள்? அது ரீசெட். ரவுட்டரில் இருந்த எல்லாமே போயிருக்கும்.

வீட்டு நெட்டுக்கு இரண்டு பாஸ்வேர்டு உண்டு. ஒன்று வைஃபைக்கு. இன்னொன்று கம்பெனி உங்களை அடையாளம் காணும் பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு. பல இணைப்புகளில் அது ரவுட்டருக்குள்ளேதான் இருக்கிறது. போயிருப்பது அதுதான். எனக்குத் தீராத கோபம் இங்கேதான். கனெக்‌ஷன் கொடுக்க வருகிறவர் தானே டைப் அடித்து, தானே சேவ் செய்து, நம்மிடம் ஒரு துண்டுச் சீட்டுகூடத் தராமல் போய்விடுகிறார். மாதாமாதம் பணம் கட்டுவது நாம்; சாவி அவர் பையில். கஸ்டமர் கேருக்குப் பேசி அந்த யூசர்நேம், பாஸ்வேர்டை எஸ்எம்எஸ்ஸிலோ மெயிலிலோ அனுப்பச் சொல்லுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அசையாவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. புதிதாகக் கனெக்‌ஷன் வாங்குகிறவர்கள், ஆள் வாசல் தாண்டும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.

ரவுட்டர் வாங்கும்போதும் கவனம். ரிச்சி தெருவில் ஒரு கடையில் நான் புதுசு என்று வாங்கிய ரவுட்டரின் செட்டிங்ஸில் வேறு யாரோ ஒருவருடைய யூசர்நேம் அப்படியே இருந்தது. பழைய சரக்கு, புது அட்டைப்பெட்டி. மாற்றித் தரவே இல்லை. கடையிலேயே ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள்.

கே: கம்ப்யூட்டரில் செருகி வைஃபை எடுக்கும் டாங்கிள் ஒன்றை ஆன்லைனில் மலிவாக வாங்கினேன். 5ஜி என்று முடியும் எங்கள் வைஃபை பெயர் லிஸ்டிலேயே வரவில்லை. (வேளச்சேரி)

ப: டாங்கிள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் எடுக்கும். உங்கள் வைஃபை 5 கிகாஹெர்ட்ஸ். அட்டையிலேயே போட்டிருக்கும், படித்திருக்கலாம். ரவுட்டரில் 2.4-ஐயும் ஆன் செய்யுங்கள், அல்லது கெடு முடிவதற்குள் ரிட்டர்ன் போடுங்கள்.

கே: கம்ப்யூட்டரில் சேவ் செய்த பிராட்பேண்ட் கனெக்‌ஷனைக் கிளிக் செய்தால் 691 எரர். (அம்பத்தூர்)

ப: யூசர்நேமோ பாஸ்வேர்டோ தப்பு, இல்லையென்றால் கணக்கை நிறுத்தியிருக்கிறார்கள். முதலில் பில் கட்டியாச்சா என்று பாருங்கள்.