கவுன்டருக்கு வந்ததும் நிறுத்துங்கள்

கேள்வி: எட்டு மாதமாக ஆங்கிலப் பயண வீடியோக்கள் பார்க்கிறேன். பேசுவது பெரும்பாலும் புரிகிறது. ஒரு நோட்டு நிறைய வார்த்தைகளை அர்த்தத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் யாராவது நேரில் ஆங்கிலத்தில் கேட்டால் வாயே திறக்க மாட்டேன் என்கிறது. பார்த்ததெல்லாம் வீண்தானா?

பதில்: வீணில்லை அம்மா. எட்டு மாதத்தில் உங்கள் காது பழகிவிட்டது. அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். வாய்தான் இன்னும் பழகவில்லை. வீடியோவில் அந்தப் பயணிதான் பேசிக்கொண்டே இருக்கிறார், உங்களுக்கு அதில் ஒரு வசனம்கூடக் கிடையாது.

இப்படிச் செய்து பாருங்கள். விமான நிலையம், ஹோட்டல் ரிசப்ஷன், டிக்கெட் கொடுக்கும் இடம் என்று எங்கேயாவது ஒரு கவுன்டர் முன்னால் பயணி போய் நிற்பார். எதிரே இருப்பவர் கேள்வி கேட்டு முடித்ததும் வீடியோவை நிறுத்துங்கள். நீங்கள் பதில் சொல்லுங்கள். மனசுக்குள் அல்ல, வாய்விட்டு. அப்புறம் ஓடவிட்டு, பயணி என்ன சொன்னார் என்று கேளுங்கள்.

ரிசப்ஷனில் 'டூ யூ ஹேவ் எ ரிசர்வேஷன்?' என்று கேட்கிறார்கள். நிறுத்திவிட்டு நீங்கள் 'எஸ், ஐ ஹேவ்' என்கிறீர்கள். பயணியோ 'எஸ், இட்ஸ் அண்டர்' என்று ஆரம்பித்துத் தன் பெயரைச் சொல்கிறார். அந்த 'அண்டர்'தான் அன்றைக்கு உங்களுக்குக் கிடைத்த லாபம். 'கீழே' என்று நாம் படித்த சொல், இங்கே 'இந்தப் பெயரில் பதிவு செய்திருக்கிறேன்' என்று சொல்ல உதவுகிறது. உங்கள் நோட்டில் 'அண்டர் - கீழே' என்று ஏற்கெனவே இருக்கலாம். அதை வைத்து ரிசப்ஷனில் நின்று பேச முடியாது. இனிமேல் ஒற்றை வார்த்தையாக எழுதாமல், முழு வாக்கியத்தையும் எழுதி, யார் யாரிடம் எந்த இடத்தில் சொன்னது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

பயண வீடியோவை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. ஊர் மாறினாலும் காட்சிகள் மாறுவதில்லை. வந்து இறங்குவது, அறை கேட்பது, வழி விசாரிப்பது, டிக்கெட் வாங்குவது எல்லாமே திரும்பத் திரும்ப வரும். புதிதாகப் படித்தது முதல் ஓரிரு நாட்களிலேயே வேகமாக மறந்துபோகும் என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-ல் எழுதினார். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கும் என்பதும் அவர் கண்டதுதான். வாரத்துக்கு மூன்று வீடியோ பார்த்தால் 'செக்-இன்' காட்சி எப்படியும் உங்களைத் தேடி வந்துவிடும்.

ஆனால் எல்லாப் பயண வீடியோவும் இதற்கு உதவாது. மலையையும் கடலையும் மேலிருந்து காட்டி, பின்னால் இசை மட்டும் ஓடும் வீடியோ கண்ணுக்கு அழகு, காதுக்கு அதில் ஒன்றும் இல்லை. கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தபடியே பேசுபவர், தெரியாதவர்களிடம் போய்க் கேட்பவர், அவரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவரையே சில வாரம் தொடருங்கள். ஒருவர் பேசும் விதம் பழகிவிட்டால் புதிய வார்த்தை மட்டும் தனியாகக் காதில் விழும்.

கேள்வி: பஸ்ஸுக்கு 'கெட் ஆன்' என்கிறார்கள், டாக்ஸிக்கு 'கெட் இன்' என்கிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்? ஒருவர் 'லிஃப்ட்' என்றால் இன்னொருவர் 'எலிவேட்டர்' என்கிறார். எதைப் படிப்பது?

பதில்: தமிழில் பஸ், ரயில், கார், விமானம் எல்லாவற்றிலும் ஏறுகிறோம், இறங்குகிறோம். ஒரே சொல் போதும். ஆங்கிலத்தில் உள்ளே எழுந்து நின்று நடக்க முடிகிற வண்டி என்றால் 'ஆன்', 'ஆஃப்'. பஸ், ரயில், விமானம், கப்பல் எல்லாம் அப்படித்தான். குனிந்து நுழைந்து உட்காரும் கார், டாக்ஸிக்கு 'இன்', 'அவுட் ஆஃப்'. வீடியோவில் ஒருவர் வண்டிக்குள் கால் வைக்கும்போது இதைக் கவனியுங்கள், நாலு தடவையில் பிடிபட்டுவிடும்.

'லிஃப்ட்' பிரிட்டன் ஆங்கிலம், 'எலிவேட்டர்' அமெரிக்க ஆங்கிலம். இந்தக் குழப்பத்துக்கு என் பதில்: பேசுவதற்கு ஏதாவது ஒன்று, காதில் வாங்கிக்கொள்ள இரண்டும். 'சிங்கிள்', 'ரிட்டர்ன்' என்று பிரிட்டனில் கேட்கும் டிக்கெட்டுகளை அமெரிக்காவில் 'ஒன்-வே', 'ரவுண்ட் ட்ரிப்' என்பார்கள். இதில் மாற்றிச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். மாடிக் கணக்கில்தான் எச்சரிக்கை வேண்டும். பிரிட்டனில் 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்றால் தரைத்தளத்துக்கு மேலே உள்ளது. அமெரிக்காவில் பெரும்பாலும் தரைத்தளமே 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்'. 'சப்வே' என்றால் நியூயார்க்கில் நிலத்தடி ரயில், லண்டனில் சாலைக்குக் கீழே நடந்து கடக்கும் வழி. லண்டனின் நிலத்தடி ரயிலைத் தேடுபவர் 'அண்டர்கிரவுண்ட்' அல்லது 'டியூப்' என்று கேட்க வேண்டும்.

லண்டன் வீடியோ பார்த்தால் 'மைண்ட் த கேப்' என்ற அறிவிப்பைக் கேட்காமல் இருக்க முடியாது. 1960-களின் கடைசியிலிருந்து அது ஒலிக்கிறது. ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்துக் கால் வைக்கச் சொல்கிறார்கள். 'மனம்' என்று படித்த 'மைண்ட்' இங்கே 'பார்த்து, கவனம்' ஆகிவிட்டது. மேலே சொன்ன 'அண்டர்' போலத்தான் இதுவும். புது வார்த்தைகளைவிட, தெரிந்த வார்த்தை செய்யும் புது வேலைகளை இந்த வீடியோக்கள் நன்றாகக் கற்றுத்தருகின்றன.

கேள்வி: சப்டைட்டில் போட்டுப் பார்க்கலாமா, கூடாதா?

பதில்: என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் ஆங்கிலப் புத்தகங்கள் நிறைய வாசித்த பிறகுதான் முதன்முதலாக விமானம் ஏறினேன். செக்-இன் கவுன்டரில் இருந்த பெண் 'விண்டோ ஆர் ஐல்?' என்று கேட்டார். ஜன்னலோரம் புரிந்தது. அடுத்து வந்தது 'ஐ வில்' என்பதன் சுருக்கம் என்று நினைத்து, மீதி வாக்கியத்துக்காகக் காத்து நின்றேன். அவர் இன்னொரு முறை கேட்டார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஏதோ ஒரு இருக்கையைக் கொடுத்து அனுப்பிவிட்டார், இரண்டு பேருக்கு நடுவில். நடைபாதையை ஒட்டிய இருக்கையைத்தான் அவர் சொன்னார் என்பது உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. அந்தச் சொல்லை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். நடுவில் இருக்கும் எஸ் எழுத்தையும் சேர்த்து 'ஐசில்' என்றே மனசுக்குள் படித்து வந்ததால், சரியான உச்சரிப்பில் வந்தபோது அது எனக்குத் தெரியாத சொல்லாகிவிட்டது. அந்தப் பயணம் முழுக்க எனக்கு இதே வருத்தம்.

அதனால் கண்ணும் காதும் ஒரே நேரத்தில் அந்தச் சொல்லைச் சந்திக்க வேண்டும். முதல் முறை சப்டைட்டில் இல்லாமல் பாருங்கள். இரண்டாம் முறை ஆங்கில சப்டைட்டிலோடு பாருங்கள், தமிழ் வேண்டாம். 'ரிசீட்' என்பதில் பி எழுத்து ஒலிப்பதில்லை. ஹோட்டலில் பல அறைகள் சேர்ந்த பெரிய தங்குமிடத்தை எழுதும்போது 'சூட்' போலத் தெரியும், சொல்லும்போது 'ஸ்வீட்'. இவையெல்லாம் இரண்டாம் முறையில்தான் பிடிபடும். தானாக உருவாகும் சப்டைட்டிலில் ஊர்ப் பெயர்கள் தப்பாக வரும், அதை மட்டும் நம்ப வேண்டாம். வேகம் அதிகமாகத் தோன்றினால் 0.75-ல் வையுங்கள். அதற்கும் கீழே போனால் பேச்சு இழுபட்டு, இயல்பான ஓசையே போய்விடும்.

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. பயண வீடியோ பார்த்து ஆர்வமாக ஆங்கிலம் கற்கிறார். ஆனால் எதைக் கேட்டாலும் 'கிவ் மி' என்றுதான் ஆரம்பிக்கிறார். திருத்தினால், 'மரியாதையாகத்தானே கேட்டேன்' என்கிறார்.

பதில்: அப்பா சொல்வது உண்மை. அவர் மனசில் 'கொடுங்க' என்றுதான் இருக்கிறது. தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில், அந்த 'ங்க'வில் இருக்கிறது. ஆங்கில வினைச்சொல்லில் அதை ஒட்டவைக்க இடமில்லை. அங்கே மரியாதை முன்னாலேயே வந்துவிடும்: 'குட் ஐ ஹேவ்', 'குட் யூ', 'வுட் யூ மைண்ட்'. இந்தக் 'குட்' (could), 'குட் மார்னிங்'கில் வரும் 'குட்' அல்ல. 'கிவ் மி' தப்பு என்று சொல்லாமல், 'நம்ம ங்க அங்கே முன்னால் வரும்ப்பா' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த வீடியோவில் 'குட்' எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் வேலையையும் அவரிடமே கொடுங்கள்.